மைனஸ் பதினாறு

சிரிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் புத்திசாலிகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஒரு கூட்டம் திருச்சியில் இருக்கிறது. டெலிகிராமில் அதற்கு 'காவிரிக்கரை கோடர்ஸ்' என்று பெயர். புரோகிராம் எழுதுகிறவர்கள், எழுதக் கற்றுக்கொள்கிறவர்கள், எழுதத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்கிறவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். 'புதியவர்கள் தயங்காமல் கேட்கலாம்' என்று முகப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். 'நாய் ஜாக்கிரதை' என்று எழுதியிருந்தால் நான் உள்ளே போயிருக்கவே மாட்டேன்.

என் பெயர் லூர்துராணி. காட்டூரில் வீடு. துவாக்குடி பக்கம் இரும்பை வெட்டி, வளைத்து, வெல்டிங் வைக்கிற ஒரு கம்பெனியில் டைம் ஆபீஸில் வேலை. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார், மொத்தம் எவ்வளவு நேரம் வேலை பார்த்தார் என்று கணக்கு வைப்பவள் நான்தான். பல வருஷமாகக் கையால் போட்ட கணக்கு. ஒரு வெல்டர்கூட என் மேஜைக்கு வந்து சண்டை போட்டதில்லை.

இந்த வருஷம் முதலாளி தாயுமானவன் தன் அக்கா மகன் அஜித்தைக் கொண்டுவந்து மேனேஜராக உட்கார வைத்தார். பி.இ. படித்த பையன். வந்த வேகத்தில் என்னைக் கூப்பிட்டான்.

"மணிக்கணக்கெல்லாம் இனிமே புரோகிராம்ல ஓடணும். உங்களால முடிஞ்சா மாசக் கடைசிக்குள்ள பண்ணிக் குடுங்க. முடியலன்னா டைம் ஆபீஸுக்கு வேற ஆள் பாத்துக்கறேன். நீங்க பேக்கிங்குக்குப் போயிடுங்க."

பேக்கிங்கில் ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்க வேண்டும். எனக்கு இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல நின்றாலே கால் கல்லாகிவிடும். அது அஜித்துக்கும் தெரியும். ஆகவே பேக்கிங்குக்குப் போ என்றால் வேலையை விட்டுப் போ என்றுதான் அர்த்தம்.

போகிறவளா நான்? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு யூடியூபைப் பார்த்துப் பைத்தான் கற்றுக்கொண்டேன். தப்பும் தவறுமாய் ஒரு புரோகிராம் எழுதினேன். பகல் ஷிஃப்ட்காரர்களுக்குக் கணக்கு கச்சிதமாய் வந்தது. இரவு பத்து மணிக்கு வந்து காலை ஆறு மணிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் மைனஸ் பதினாறு மணி நேரம் என்று காட்டியது. எட்டு மணி நேரம் நெருப்பில் நின்றவனைப் பார்த்து, நீதான் கம்பெனிக்குப் பதினாறு மணி நேரம் பாக்கி என்று சொல்லுகிற புரோகிராமை நான் எப்படி முதலாளியிடம் காட்டுவது? அதனால்தான் அந்தக் குழுவில் கேட்கப் போனேன்.

போனேன், ஆனால் எங்கள் வீட்டில் வளர்த்த விதப்படி போனேன். விஷயம் தெரிந்தவரிடம் போனால் எடுத்தவுடன் கொட்டக் கூடாது. அவருக்கு நேரம் இருக்கிறதா என்று கேட்டு, 'சொல்லும்மா' என்று அவர் சொன்ன பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். ஆகவே இப்படி எழுதினேன்: 'வணக்கம் சார். சின்ன டவுட் ஒண்ணு. கேக்கலாமா?' எழுதிவிட்டுப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவர்களும் அதற்குத்தான் காத்திருந்தார்கள் போலிருக்கிறது. 'கேக்கலாமான்னு கேக்கறதுக்கு யார்கிட்ட பர்மிஷன் வாங்கினீங்க?' என்றது ஒன்று. 'மனுவெல்லாம் திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குடுங்க' என்றது இன்னொன்று. நான் புரியாமல் கம்ப்யூட்டர் ஸ்கிரீனைப் போனில் படம் பிடித்துப் போட்டு, கேள்வியையும் எழுதினேன். ஜன்னல் வெளிச்சத்தில் என் தலை ஸ்கிரீனில் நிழலாய் விழுந்திருந்தது. 'இது எர்ரரா, ஆவியா?' என்றான் ஒருவன். அப்போதுதான் ஸ்ரீதர் வந்தான். அந்தக் குழுவை நடத்துகிறவன் அவன்தான்.

'ஆறுலேர்ந்து இருபத்திரண்டைக் கழிச்சா மைனஸ் பதினாறுதான். கம்ப்யூட்டர் கரெக்டாத்தான் சொல்லுது. நீங்க எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கீங்க மேடம்?' என்று எழுதினான். கூடவே ஒரு ஸ்டிக்கர். ஒரு பையன் வகுப்பறை வாசலில் முட்டி போட்டிருப்பான். கீழே 'முட்டி போடு' என்று எழுதியிருக்கும். அந்தக் குழுவின் சம்பிரதாயம் அது. யாராவது ஒன்றாம் பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்டால் ஸ்ரீதர் முதல் ஸ்டிக்கரைப் போடுவான். மற்றவர்கள் வரிசையாய்ப் போடுவார்கள். அன்றைக்கு என் போன் துடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஸ்ரீதர், நான் ஒரு வாரத்துக்கு எதுவும் எழுத முடியாதபடி என் வாயையும் அடைத்துவிட்டான். மற்றவர்கள் எழுதுவதைப் படிக்க மட்டும் முடியும். அடித்துவிட்டு அழவும் கூடாது என்றால் எப்படி?

மறுநாள் காலை அஜித் தன் போனைத் தூக்கிக் காட்டினான். அவனும் அந்தக் குழுவில் இருக்கிறானாம். எனக்கு விழுந்த ஸ்டிக்கர்களில் ஒன்று அவனுடையது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். புரோகிராம் தப்பாக் காட்டுதுன்னு ஊரைக் கூட்டிச் சொல்லிருக்கீங்க. அத்தனை பேர் சிரிக்கறாங்களே, அத்தனை பேரும் முட்டாளா?"

"மாசக் கடைசின்னு சொன்னீங்களே சார்?"

"இதுக்கு மேல என்னத்தப் பாக்கறது? திங்கக்கிழமை மாமா வர்றாரு. இதைக் காட்டி வேற ஆள் கேக்கப் போறேன். நீங்க அன்னைக்கே பேக்கிங்ல நின்னுடுங்க."

எனக்கு வந்த கோபம் அஜித்தின் மேல் பாதிதான். மீதிப் பாதி, முகம் தெரியாத ஓர் ஆள் ஒரு நிமிஷத்தில் போட்ட ஸ்டிக்கர் என் சோற்றில் மண்ணாய் விழுந்ததே என்று. குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள், குனியக் குனியக் குட்டுகிறவனும் முட்டாள். நான் முட்டாள் இல்லை என்று முடிவு செய்தேன்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. நாலு பேர் முன்னால் நம்மை ஒருத்தர் அசிங்கப்படுத்தினால், அவர் வீட்டு வாசலுக்குப் போய், தெருவில் நின்று, நாலு பேர் காதில் விழும்படி ஏன் என்று கேட்க வேண்டும். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் அது சமாதானம். அவர்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டால் அத்தோடு கேள்வி செத்தது. போனில் கேட்பதெல்லாம் எங்கள் கணக்கில் சேராது.

ஸ்ரீதர் வீட்டு விலாசத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. மாதாமாதம் குழுவினர் தன் வீட்டு மொட்டை மாடியில் கூட வேண்டும் என்று அவனே குழுவின் தலைப்பில் ஒட்டி வைத்திருந்தான். வடக்குச் சித்திரை வீதி, ஸ்ரீரங்கம். சனிக்கிழமை வேலை முடிந்ததும் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போய், அங்கிருந்து பஸ் மாறி, ராஜகோபுரத்துக்கிட்ட இறங்கினேன். பஸ்ஸில் பாதி தூரம் நின்றுதான் வந்தேன். கால் அப்போதே பேச ஆரம்பித்துவிட்டது.

வாசலில் பெரிய கோலம். கோலத்துக்கு இந்தப் பக்கம் நின்று சத்தமாய்க் கேட்டேன். "இங்க ஸ்ரீதருங்கறது யாருங்க?"

ஒரு அம்மாள் வெளியே வந்தார். ஸ்ரீதரின் தாயார் ரெங்கநாயகி. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஸ்ரீதர் ஆத்துலதான் இருக்கான். நீங்க யாரு? உள்ள வாங்கோ."

"உள்ள வரலைங்க. வாசல்லயே கேக்க வேண்டிய கேள்வி."

அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. என் கழுத்தைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்க பிள்ளை ஏதாவது தப்பா நடந்துண்டானா?" என்றார்.

"ஆமாங்க. நாலு பேர் முன்னாடி."

எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண் துணியை மறந்துவிட்டாள். உள்ளேயிருந்து ஸ்ரீதர் வந்தான். முப்பது வயது இருக்கும். வேட்டியும் டீ ஷர்ட்டும், மூக்கில் சரிகிற கண்ணாடி. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத முகம். இவனா என்னைக் கேட்டான், எத்தனாவது படித்தாய் என்று?

"நான்தாங்க லூர்துராணி. மைனஸ் பதினாறு. பன்னெண்டாவது படிச்சிருக்கேன். நேர்லயே சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சங்கடமாய்ச் சிரித்தான். "ஐயோ மேடம், இதுக்கா இவ்வளவு தூரம்? அது சும்மா ஜாலிக்கு. குரூப்ல எல்லாரையும் அப்படித்தான் ஓட்டுவோம். உள்ள வாங்க, சொல்லித் தரேன்."

"இங்கயே சொல்லுங்க."

சொன்னான். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம். என்ன அழகாகச் சொன்னான்! எடுத்தவுடன் விடையைச் சொல்லவில்லை. என் கம்பெனியில் யார் எப்படி வேலைக்கு வருகிறார்கள் என்று பொறுமையாய்க் கேட்டான். "காலையில ஆறு மணிக்கு வந்துட்டு மறுநாள் காலையில ஆறு மணிக்குப் போறவங்க யாராவது உண்டா?"

"வீரமலைன்னு ஒருத்தர் உண்டு. மாத்து ஆள் வரலன்னா அவர்தான் நிப்பார்."

"அப்ப, மைனஸ் வந்தா இருபத்திநாலைக் கூட்டிக்கலாம்னு யாராவது சொன்னாக் கேக்காதீங்க. வீரமலைக்கு ஆறுலேர்ந்து ஆறு போனா பூஜ்யம்னு காட்டும். கம்ப்யூட்டர் மேல தப்பு இல்ல. நீங்க அதுக்கு மணியை மட்டும்தான் சொல்றீங்க, எந்த நாள்னு சொல்லல. தேதியையும் மணியையும் சேர்த்தே குடுங்க. வெளிய போன தேதி, மணியிலேர்ந்து உள்ள வந்த தேதி, மணியைக் கழிக்கச் சொல்லுங்க. சரியா வந்துடும்."

என் மண்டைக்குள் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. அடுத்த நொடியே அந்த வெளிச்சத்தில் இன்னும் கோபம் வந்தது. தெரியாதவன் திட்டினால் போகட்டும் என்று விடலாம். இவ்வளவு நன்றாய்ச் சொல்லத் தெரிந்தவன், அன்றைக்கு ஸ்டிக்கர் போட்ட நேரத்தில் இதைச் சொல்லியிருக்கலாமே?

"இதை அங்க ஏன் சொல்லல?"

"அங்க இப்படியெல்லாம் எழுதினா யாரும் மதிக்க மாட்டாங்க மேடம். சும்மா டியூஷன் சென்டர்னு ஓட்டுவாங்க."

"நீங்க போட்ட படத்தைக் காட்டித்தான் எங்க மேனேஜர் என் வேலையைப் புடுங்கப் பாக்கறார். அவரும் அந்த குரூப்ல இருக்கார். இப்ப எனக்குச் சொன்னதை அப்படியே அங்க எழுதுங்க. நான் கேட்டது கேக்க வேண்டிய கேள்விதான்னும் எழுதுங்க."

"அது முடியாது. வேணும்னா அந்த மெசேஜ் எல்லாத்தையும் அழிச்சுடறேன்."

"அழிச்சா? அவர் போன்ல படம் புடிச்சு வெச்சிருக்கார். நீங்க எழுதற வரைக்கும் நான் நகரப் போறதில்ல."

ரெங்கநாயகி அம்மாள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் என்றேன். நாற்காலி போடுகிறேன் என்றார். அதையும் வேண்டாம் என்றேன். இரண்டு கெண்டைக்காலிலும் நெருப்பு ஏறிக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"தெருவே வேடிக்கை பாக்கறதுடா. எழுதித் தொலையேன்" என்றார் அம்மாள்.

"நீ சும்மா இரு, உனக்கு இதெல்லாம் தெரியாது" என்றான் ஸ்ரீதர். தூணில் சாய்ந்துகொண்டு போனை எடுத்து வேக வேகமாய் எதையோ தட்டினான். எழுதுகிறான் என்றுதான் நினைத்தேன்.

என் கையில் இருந்த போன் துடித்தது. நான் இன்னமும் அந்தக் குழுவில் இருக்கிறேன், எழுதத்தான் முடியாது, படிக்க முடியும் என்பதை அந்தப் புத்திசாலி மறந்துவிட்டான். நான் படித்தேன். அந்த அம்மாளுக்குக் கேட்கும்படி உரக்கவே படித்தேன்.

"'மைனஸ் பதினாறு லூசு நம்ம வீட்டு வாசலுக்கே வந்துருச்சு. போக மாட்டேங்குது. யாராவது காப்பாத்துங்கடா.' உங்க பையன் இப்பதான் எழுதினாருங்கம்மா. என்னைப் பாத்துக்கிட்டே."

ஸ்ரீதர் நிமிர்ந்தான். அவன் முகத்தில் ரத்தம் இல்லை. போன் மறுபடியும் துடித்தது. பதில்கள் வர ஆரம்பித்துவிட்டன. நான் விடவில்லை, ஒவ்வொன்றாய்ப் படித்தேன். "'ஆள் எப்படி மச்சி, பாக்கற மாதிரி இருக்கா?' இது ஒருத்தர். 'வீட்டுக்கே வருதுன்னா வேற ஏதோ மேட்டர்.' இது இன்னொருத்தர்."

"பெருமாளே" என்றார் அம்மாள்.

அடுத்ததை எழுதியவன் யார் என்று பார்த்துவிட்டுத்தான் படித்தேன். மற்றவர்கள் யாரோ. இவனுடைய நம்பர் மட்டும் பெயரோடு என் போனில் இருந்தது. "'இது எங்க கம்பெனி டைம் ஆபீஸ் ஆன்ட்டிதான். மரை கழண்ட கேஸு. ரெண்டு வாளித் தண்ணி ஊத்தி அனுப்புங்க.' இது அஜித் சார். எங்க மேனேஜர்."

இதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். அழக் கூடாது என்றுதான் வந்தேன். அழுகை வந்தது ஆத்திரத்தில்தான், ஆனால் பார்க்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரியப் போகிறது? அம்மாள் மகனிடம் எதுவும் சொல்லவில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் ஏசியிருந்தால் ஸ்ரீதர் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பான். ஏசாமல் போனதுதான் அவனைத் தள்ளாட வைத்தது.

இந்த முறை அவன் நிறைய நேரம் எழுதினான். என் போனில் வந்ததும் படித்தேன், சத்தம் போடாமல். 'மேலே லூர்துராணி கேட்டது நல்ல கேள்வி. மணியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் நள்ளிரவைத் தாண்டும்போது தப்பு வரும். எல்லாரும் முதலில் செய்கிற தப்புதான்' என்று ஆரம்பித்து, தேதியைச் சேர்க்கிற விதம், வீரமலையின் முழுநாள், புரோகிராமில் மாற்ற வேண்டிய வரிகள் எல்லாவற்றையும் எழுதியிருந்தான். கடைசியில், 'நான் எழுதினது தப்பு. ஸ்டிக்கரும் தப்பு' என்று இருந்தது.

பிறகு யாரோ முதல் ஸ்டிக்கரைப் போட்டான். முட்டி போடு. ஸ்ரீதருக்குத்தான். அடுத்தது, அதற்கடுத்தது. அவன் வளர்த்த பிள்ளைகள் வரிசையாய் வந்து அவன் தலையிலேயே போட்டார்கள். அவன் போனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"திருப்தியா?" என்றான்.

"திருப்திதான்" என்றேன். பொய் சொல்ல எனக்கு என்ன அவசியம்? நொண்டிக்கொண்டே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

திங்கட்கிழமை நான் பேக்கிங்குக்குப் போகவில்லை. சீக்கிரமே வந்து என் மேஜையில் உட்கார்ந்து, புரோகிராமை மாற்றி, ஓட்டிப் பார்த்தேன். இரவு ஷிஃப்ட்காரர்களுக்கு எட்டு எட்டாய் வந்தது. வீரமலைக்கு இருபத்திநாலு வந்தது. தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அஜித்தின் அறைக்குப் போனேன்.

அவன் எழுந்து வந்து கதவைச் சாத்தினான். தண்ணீர் ஊற்றச் சொன்னதைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. அது எனக்குத் தெரியாது என்று நம்பினானோ, தெரியும் என்று பயந்தானோ.

"ஸ்ரீதரே நல்ல கேள்வின்னு எழுதிட்டாரு. பாத்தேன்" என்றான். தாளைப் புரட்டினான். "மாமா கொஞ்ச நேரத்துல வந்துருவாரு. ஸ்ரீதர் எழுதினதைப் பாத்துட்டு, புரோகிராமை நான்தான் பக்கத்துல இருந்து எழுத வெச்சேன்னு நேத்தே போன்ல சொல்லி வெச்சிருக்கேன். எப்படி ஓடுதுன்னு கண்டிப்பா கேப்பாரு. ஸ்ரீதர் எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். எனக்கு முழுசா பிடிபடல."

"குரூப்லயே கேக்கலாமே சார்?"

"அங்கயா?" என்றான், கிணற்றில் குதி என்று சொன்னவளைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்தக் குழுவில் அவன் பெயரில் ஒரு கேள்விகூடக் கிடையாது. ஸ்டிக்கர் மட்டும்தான். சிரிக்கிறவனை யாரும் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை என்று கண்டுபிடித்து வைத்திருந்தான். பி.இ. படிப்பு முழுவதையும் அப்படியே சிரித்துத்தான் தாண்டினானோ என்னவோ.

"முதல்ல பேக்கிங் விஷயத்தை முடிங்க" என்றேன்.

என் எதிரிலேயே பேக்கிங் சூப்பர்வைசருக்குப் போன் போட்டான். "லூர்துராணி மேடம் அங்க வரமாட்டாங்க. டைம் ஆபீஸ்லயேதான் இருப்பாங்க. ஆமா, பர்மனென்டா." போனை வைத்துவிட்டுத் தாளில் வீரமலையின் வரியில் விரலை வைத்தான். குரல் இறங்கிப் போயிருந்தது.

"இவர் ஆறு மணிக்கு வந்து ஆறு மணிக்குப் போயிருக்காரு. வந்த உடனே கிளம்பிட்டாருன்னுதானே அர்த்தம்? பூஜ்யம்தானே வரணும்? இதுல தேதி எதுக்கு?"

என் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி வந்து தொண்டையில் நின்றது. எப்பேர்ப்பட்ட சிரிப்பு! அதை நான் யாரிடமும் கடன் வாங்கவில்லை. கெண்டைக்கால் எரிய, தெரு பார்க்க அழுது சம்பாதித்த சிரிப்பு. அந்தக் கதவைத் திறந்து வைத்து ஒரே ஒரு தடவை சிரித்தால் போதும், மொத்தப் பட்டறையும் கேட்டிருக்கும். அவன் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. இப்போதும் வரவில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன். கேள்வியைக் கேட்டுவிட்டு, அடி எந்தப் பக்கத்திலிருந்து விழும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சிரிப்பை விழுங்கினேன். அவ்வளவு கசப்பான ஒன்றை நான் இதுவரை விழுங்கியதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தேன்.

"நல்ல கேள்வி சார்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. "வீரமலை சனிக்கிழமை காலையில கேட்டுக்குள்ள வந்தார். வெளிய போனது எந்தக் கிழமைன்னு பாருங்க. அங்கேருந்து ஆரம்பிப்போம்."